வயல் வேலை உடற்பயிற்சி ஆகாது

'நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறோம். எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி? அதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு.' இடுப்பு வலியைப் பற்றி எந்த ஊர்க் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் முதலில் வருகிற பதில் இதுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்கிறவரே கூட்டம் முடிந்து எழும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றி, இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

வேளாண் விரிவாக்கப் பணியில் பல ஆண்டுகள் வயல் வயலாகச் சுற்றியவன் நான். மண்ணைப் பரிசோதித்தோம், நீரைப் பரிசோதித்தோம், விதைக்குச் சான்று கேட்டோம். அந்த மண்ணில் குனிந்து நிற்கிற ஆளின் முதுகைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பிலாவது கால் மணி நேரம் பேசியிருப்போமா என்றால், பெரும்பாலான இடங்களில் இல்லை. சம்பா நடவு நடக்கிற இந்த நேரத்தில் அதைப் பேசினால்தான் பயன் உண்டு.

குனிந்து நிமிர்கிறோம் என்கிறோமே, உண்மையில் நிமிர்கிறோமா? நடவு வயலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நடவாள் இடது கையில் நாற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குத்துக் குத்தாக நட்டபடியே பின்னால் நகர்கிறார். குனிந்தவர் குனிந்தபடிதான். கையிலிருக்கும் முடி தீர்ந்து அடுத்த முடியை எடுக்கும்போதுகூட முழுதாக நிமிர்வதில்லை. அரைகுறையாகத் திரும்பி எட்டி எடுத்துக்கொள்கிறார். சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கமாகத் திருகுகிறது. கடலை பறிப்பும் கைக்களையும் வேறு மாதிரி. குந்தி உட்கார்ந்து நகர வேண்டும். முழங்கால் முழுக்க மடங்கியே கிடக்கும். மருந்தடிக்கிறவர் முதுகில் 16 லிட்டர் தெளிப்பான். தண்ணீரே 16 கிலோ. கருவியின் எடையும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். அதைச் சுமந்துகொண்டு வரப்பிலும் சேற்றிலும் நாளெல்லாம் நடை.

இவையெல்லாம் கடுமையான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் உடற்பயிற்சி என்பது வேறு. எந்தத் தசை வேலையில் இழுபட்டுக் கிடந்ததோ அதற்குத் தளர்ச்சி தர வேண்டும்; எந்தத் தசை சும்மா கிடந்ததோ அதற்கு வேலை தர வேண்டும்; எந்தப் பக்கம் நாளெல்லாம் வளைந்தோமோ அதற்கு எதிர்ப்பக்கம் மெல்ல வளைய வேண்டும். எண்ணிச் செய்ய வேண்டும், இடைவெளி விட வேண்டும். நெல்லுக்குப் பிறகு மறுபடி நெல் என்று போடாமல் உளுந்து விதைக்கிறோமே, அது மண்ணுக்கு எதற்கோ அதுதான் உடம்புக்கு இது. ஒரே திசையில் ஒரே வேலையை ஓய்வில்லாமல் செய்தால் எந்த நிலமும் தாங்காது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. 'டிஸ்க்' என்றும் 'ஜவ்வு' என்றும் நாம் சொல்வது அதைத்தான். இரவில் படுத்திருக்கும்போது சுமை இல்லாததால் இந்தத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் எழுந்தவுடன் முதுகு விறைப்பாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த நேரத்தில் குனிந்தால் தட்டின் மீதும் அதைச் சுற்றியுள்ள நார்களின் மீதும் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். எழுந்து நடமாடத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் அந்த உப்பல் பெருமளவு வடிந்துவிடும்.

இப்போது நம் வீட்டுக் காலையை நினைத்துப் பாருங்கள். விடியும் முன் எழுந்ததும் குட்டைத் துடைப்பத்தால் வாசல் பெருக்குவது, சாணம் அள்ளுவது, மாட்டுக்கு அடியில் குந்திப் பால் கறப்பது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது. முதுகு எதற்குத் தயாராக இல்லையோ அதையெல்லாம் முதல் அரை மணி நேரத்தில் செய்துவிடுகிறோம். பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்கள் எழுந்தவுடன் குனிகிற வேலையைத் தள்ளிவைத்தாலே வலி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நின்று செய்கிற, நடந்து செய்கிற வேலைகளை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்துபோய் வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மடையைப் பிறகு வெட்டலாம். துடைப்பத்துக்கு ஒரு நீளக் கம்பு கட்டுங்கள். பால் கறக்கச் சிறு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். மாடு காத்திருக்காது என்பீர்கள். சரி, கறவையை வீட்டில் வலி இல்லாத இன்னொருவர் சில வாரம் பார்க்கட்டும். அந்த இன்னொருவர் வீட்டு ஆண்பிள்ளையாக இருந்தாலும் பால் திரிந்துவிடாது.

இரண்டாவது செய்தி நடவாளுக்கு. வெகுநேரம் குனிந்தே இருந்தால் முதுகெலும்பைக் கட்டியிருக்கும் நார்கள் மெல்ல மெல்ல இழுபட்டுத் தளர்கின்றன. நிமிர்ந்தவுடன் அவை பழைய இறுக்கத்துக்கு வந்துவிடுவதில்லை. முதல் இரண்டு நிமிடத்தில் பாதி அளவுக்குத் திரும்பும். மீதி திரும்ப அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்தத் தளர்ந்த நிலையில் கனமான பொருளைத் தூக்கும்போதுதான் 'சுளுக்'கென்று பிடித்துக்கொள்கிறது. ஒரு துண்டு நட்டு முடித்த கையோடு ஈர நாற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்காதீர்கள். கரையேறி நின்று, இரண்டு நிமிடம் நடந்து, முதுகைப் பின்னால் சாய்த்துவிட்டுப் பிறகு தூக்குங்கள்.

மூட்டை விஷயமும் இதேதான். யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ, கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் மூட்டை 40 கிலோ. இவற்றில் எதுவுமே ஒற்றை ஆள் குனிந்து தரையிலிருந்து தூக்கும் எடை அல்ல. இருவராகத் தூக்குங்கள். உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

ஊசியும் பெல்ட்டும்

வலி வந்தால் நாம் போகிற முதல் இடம் மருந்துக்கடை. 'ஒரு ஊசி போட்டால் நாளைக்கு வேலைக்குப் போய்விடலாம்.' கூலிக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபினாக் வகை. மாடுகளுக்கு இந்த மருந்தைப் போடுவதை 2006-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். ஊசி போட்ட மாடு செத்து அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். மனித உடம்பு கழுகின் உடம்பு அல்ல. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு எடுத்தால் நமக்கு அது பயனுள்ள மருந்துதான். ஆனால் வாரம் தவறாமல் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொண்டால் நம் சிறுநீரகத்தையும் வயிற்றையும் அது கெடுக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஆபத்து இன்னும் கூடுதல். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நடவுக்கும் களைக்கும் வருகிற பெண்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல. ஒதுங்க இடம் இல்லாமல். வெயில், வற்றிய உடம்பு, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேருவது எவ்வளவு மோசம் என்பதை எந்தச் சிறுநீரக மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். வயல்காரர்கள் மோட்டார் கொட்டகைப் பக்கம் ஓலைத் தட்டியாலாவது ஒரு மறைப்புக் கட்டித் தரலாம். பெரிய செலவில்லை.

பேருந்து நிலையக் கடைகளில் தொங்குகிற இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முதலாக ஒரு வழிகாட்டுதலை 2023 டிசம்பரில் வெளியிட்டது. 2020-ல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக அந்த நிறுவனம் சொல்கிறது. வேறு நோய்க் காரணம் இல்லாத நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை போன்றவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. தர வேண்டியவை என்று அது சொல்கிறவற்றில் முன்னால் நிற்பவை உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய தெளிவான விளக்கமும். எலும்பு முறிவுக்கோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ மருத்துவர் கொடுக்கிற பெல்ட் வேறு. அதைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

'பதினைந்து நாள் எழுந்திருக்காமல் படு' என்பதும் பழைய வைத்தியம். கடும் வலியில் ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் படுக்கையிலேயே கிடந்தால் தசை இளைக்கும், மூட்டு இறுகும், வலி போக இன்னும் நாளாகும். தாங்கக்கூடிய அளவில் நடமாடிக்கொண்டே இருப்பதுதான் சீக்கிரம் தேறும் வழி.

என்ன செய்யலாம்?

முதலில் வயலிலேயே செய்வது. அரை மணிக்கு ஒரு முறை வரப்பில் ஏறி நில்லுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து, முழங்காலை மடக்காமல் முதுகை மெல்லப் பின்னால் சாயுங்கள். இரண்டு மூன்று நொடி. பிறகு நேராக வாருங்கள். இப்படி ஐந்து முறை. தலையை வெடுக்கென்று அண்ணாக்க வேண்டாம். தலைசுற்றல் உள்ளவர்கள் பார்வையை நேராக வைத்தே செய்யலாம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தக் கட்டுரையில் வேறெதையும் பின்பற்றாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள் என்று கேட்பேன்.

மற்றவை மாலைக்கு. வேலை முடிந்து, குளித்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு பாயை விரித்துப் பதினைந்து நிமிடம். தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். நாளெல்லாம் முன்னால் வளைந்த முதுகுக்கு இதுவே பாதி வைத்தியம். வலி கூடவில்லை என்றால் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி அரை நிமிடம் இருங்கள். இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். யோகாவில் புஜங்காசனம் என்கிறார்களே, அதில் பாதி.

அடுத்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மேலே தூக்குங்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு சரிவுப் பலகை போல நேர்க்கோட்டில் வர வேண்டும். ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை. புட்டத் தசை வலுவாக இருந்தால் மூட்டை தூக்கும்போது சுமை இடுப்புக்குப் போகாது. வயல் வேலையில் முதுகு ஓயாமல் இழுபடுகிறது. புட்டம் சும்மா கிடக்கிறது. அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

பிறகு மாடு நிற்பதுபோல் நான்கு காலில் நில்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அடியில் மடித்த சேலையோ சாக்கோ போட்டுக்கொள்ளலாம். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி ஐந்து எண்ணுங்கள். பிறகு மாற்றி. பக்கத்துக்கு ஐந்து முதல் எட்டு முறை. முதுகின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு இடுப்பு அசையாமல் இருக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் ஆடுவார்கள். சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

முழங்காலுக்கு மூன்று. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அந்தத் துண்டைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். இவை இரண்டும் ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. மூன்றாவது, திண்ணையிலோ கட்டில் விளிம்பிலோ உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. பத்து முறை. உட்காரும்போது பொத்தென்று விழக்கூடாது. அந்த மெதுவில்தான் பலன் இருக்கிறது. வலி அதிகம் உள்ளவர்கள் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எதைச் செய்யும்போதும் மூச்சை அடக்கக் கூடாது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானே ஓடும்.

தெளிப்பான் சுமக்கிறவர்கள் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏணி ஏறுவதுபோல் கையை எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவுக்குக் கொண்டுபோய் இறக்கட்டும். பத்து முறை போதும்.

இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். இடுப்பில் குனிவதும் முதுகில் குனிவதும் ஒன்றல்ல. ஒரு நேரான கம்பை முதுகோடு ஒட்டிப் பிடியுங்கள். பின்தலை, முதுகின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு பட வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளியபடி குனியுங்கள். மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியே இருந்தால் தொடை மூட்டில் குனிகிறீர்கள் என்று பொருள். கம்பு விலகினால் முதுகு கூன்கிறது. பத்து நாள் பழகினால் மண்வெட்டி பிடிக்கும்போதும் கட்டுத் தூக்கும்போதும் உடம்பு தானாகவே அப்படிக் குனியும்.

எவ்வளவு வலித்தால் நிறுத்துவது என்று கேட்பார்கள். செய்யும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரியான அளவு. மறுநாள் வீங்கினாலோ வலி கூடினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். காலுக்கு இறங்குகிற நரம்பு வலி உள்ளவர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால் பயிற்சி பொருந்துகிறது. இடுப்பு வலி காலுக்கு இறங்கத் தொடங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். வயதானவர்கள் சிலருக்கு முதுகைப் பின்னால் சாய்த்தால் கால் மரத்துப் போகும். அவர்களும் சாய்க்க வேண்டாம்.

பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும். அடியுரம் போட்ட மறுநாள் கதிர் வந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஊசியைப் போல் உடனே கேட்கவில்லை என்று ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

'தேய்மானம்' என்ற சொல்

முழங்கால் வலியோடு எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கு 'தேய்மானம்' என்ற சொல் கிடைக்கிறது. அதைக் கேட்டதும் டிராக்டர் பேரிங் நினைவுக்கு வருகிறது. ஓட ஓடத் தேயும், ஆகவே ஓட்டாமல் வைத்தால் மிஞ்சும் என்று நடப்பதையே குறைத்துவிடுகிறார்கள். மூட்டு அப்படிப்பட்ட பொருள் அல்ல. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடும்போது உள்ளே வந்து போகும் திரவத்தில்தான் அதற்கு ஊட்டம். அசையாத மூட்டுக்கு ஊட்டமும் குறையும், அதைத் தாங்கும் தொடைத் தசையும் இளைக்கும். எக்ஸ்ரேயில் நிறையத் தேய்மானம் தெரிந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு; படம் நன்றாக இருந்தும் வலியோடு இருப்பவர்களும் உண்டு. எடை கூடியவர்களுக்கு ஒரு கணக்கு: உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது.

அதே சமயம், வலி இருக்கிற முழங்காலோடு மணிக்கணக்கில் குந்தி உட்காருவதும் கூடாது. கடலை பறிக்கவும் காய் தரம் பிரிக்கவும் ஒரு தாழ்வான மணையோ முக்காலியோ எடுத்துப் போங்கள்.

யாருடைய பொறுப்பு?

இதுவரை சொன்னதெல்லாம் உழைக்கிறவர் செய்ய வேண்டியது. அத்தோடு நிறுத்தினால் அது அநியாயம். வேலையின் முறை மாறாமல் பயிற்சி மட்டும் செய்யச் சொல்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதுபோல. பிறகு வலி போகவில்லை என்றால் 'நீ ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை' என்று பழியும் அவர் தலையிலேயே விழும்.

நிலத்துக்காரர்களிடம் கேட்கிறேன். காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை நடவு என்றால், அரை மணிக்கு ஒரு நிமிடம் நிமிர்ந்தால் மொத்தம் 12 நிமிடம். ஓர் ஏக்கரில் இதனால் எத்தனை குத்து குறைந்துவிடும்? ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடும் இடங்களில் ஆட்கள் தாமாக நிமிர மாட்டார்கள். ஒருவர் நின்றால் வரிசை பின்தங்கும், மற்றவர்கள் முறைப்பார்கள். ஆகவே, நிமிரச் சொல்ல வேண்டியவர் வரப்பில் நிற்கிற நீங்கள். ஆள் கூட்டி வருகிறவரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால் போதும். இடுப்பு விழுந்து அடுத்த போகத்துக்கு ஆள் வராமல் போவதைவிட இந்த 12 நிமிடம் மலிவு. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பாத ஊரே இல்லை. நேற்றுவரை நட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோனோவீடரும் சைக்கிள் களையெடுப்பானும் நின்றபடி களையெடுக்கத்தான் வந்தன. ஆனால் பல இடங்களில் கருவி வந்ததும் வேலை ஆண்கள் கைக்குப் போய்விட்டது. குனிகிற வேலை மட்டும் பெண்களிடம் நின்றுவிட்டது. செயல்விளக்கம் நடத்தும் அலுவலர்கள் கருவியை முதலில் ஒரு பெண்ணிடம் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். கைப்பிடியின் உயரத்தை அவருக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுங்கள். ஆணுக்கு வைத்த உயரத்தில் தள்ளிப் பார்த்துவிட்டு 'இது நமக்குச் சரிப்படாது' என்று ஒதுங்கிய பெண்கள் நிறைய. மண்வெட்டிக் காம்பும் அப்படித்தான். ஆளின் உயரத்துக்குக் கொஞ்சம் நீளக் காம்பு போட்டால் குனிவது குறையும். தச்சரிடம் கொடுத்தால் அரை நாள் வேலை.

உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு வகுப்பிலும் பூச்சிகளை எண்ணி முடித்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, மேலே சொன்னதில் இரண்டைச் செய்து காட்டுங்கள். உரை வேண்டாம், செய்து காட்டினால் போதும். அந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஓர் இயன்முறை மருத்துவரை ஒரு வகுப்புக்கு அழைத்து வர முடிந்தால் இன்னும் நல்லது.

எப்போது பயிற்சி கூடாது?

சில வலிகளுக்கு இந்தப் பாயும் துண்டும் உதவாது. மலம், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப் போனாலோ, கால் பலமிழந்து தடுக்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி, முன்பு காசநோயோ புற்றுநோயோ இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி, மரத்திலிருந்தோ டிராக்டரிலிருந்தோ விழுந்த பிறகு வந்த வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். வயதான பெண்களுக்கு வழுக்கி உட்கார்ந்ததே எலும்பு நொறுங்கப் போதுமானது. ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கினால் தேய்க்கவும் நீவவும் விடாதீர்கள். காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம்.

எங்கே போவது என்பதற்கும் வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருகிற திட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் சேர்த்தி. மாத்திரை கொண்டு வருகிற பெண் தன்னார்வலரிடம் 'எனக்கு இடுப்பு வலி, பிசியோதெரபிக்குப் பதிந்துகொள்' என்று கேட்டால்தான் நடக்கும். அவர் வருகிற நேரத்தில் நீங்கள் வயலில் இருப்பீர்கள் என்பது உண்மை. மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் அதே தன்னார்வலரிடம், மாலை ஐந்து மணிக்கு மேலோ நடவு இல்லாத நாளிலோ வரச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் இயன்முறை மருத்துவர் ஒரே நாளில் பத்துப் பேரையும் பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கு ஊர்ச் சாவடியோ மகளிர் குழுக் கட்டடமோ போதும். பாயை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.